லேப்டாப்பை டிவியில் இணைக்க: முதலில் துளையைப் பாருங்கள், அப்புறம் வயர்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "லேப்டாப்ப டிவியில மாட்டணும், வயர் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த லேப்டாப்பு, எந்த டிவி? எங்கிட்ட நாலு தினுசு கிடக்கு" என்று பதில் வரும். பாதிப் பேர் அங்கேயே நின்று முழிப்பார்கள். வீட்டுக்கு போன் போடுவார்கள். போனை எடுத்தவருக்கு டிவியின் பின்பக்கம் எட்டாது. கடைசியில் ஏதோ ஒரு வயரை வாங்கிப் போய், அது நுழையாமல், மறுநாள் திரும்பவும் பஸ் ஏறுவார்கள்.

லேப்டாப்பில் என்ன துளை, டிவியில் என்ன துளை என்று பார்த்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது, எந்தத் துளையைப் பார்க்க வேண்டும் என்று டிவிக்கும், படத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று லேப்டாப்புக்கும் சொல்வது. இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டுவிட்டு, "நோ சிக்னல்" என்று வந்ததும் வயர் மேல் பழி போடுகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எதற்காக மாட்டுகிறீர்கள்? கல்யாண வீடியோ பார்க்க மட்டும் என்றால் லேப்டாப்பே தேவையில்லை. பென் டிரைவில் ஏற்றி டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகினால் போதும். ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் மட்டும், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் அது ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. யூடியூப் என்றால் ஸ்மார்ட் டிவியிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து பார்க்கிற ஆபீஸ் வேலை, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு குடும்பமே உட்கார்ந்து பேசுவது, திரை உடைந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்துவது, இவற்றுக்குத்தான் இந்த இணைப்பு உண்மையில் உதவும்.

துளைகள்

லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும், சில மாடல்களில் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது எச்டிஎம்ஐ. ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். மேல் விளிம்பு நேராக இருக்கும், கீழ் விளிம்பின் இரண்டு மூலையும் உள்வாங்கி இருக்கும். உள்ளே ஒரு தட்டையான நாக்கு, அதில் 19 கம்பிகள். யுஎஸ்பி துளை சரியான செவ்வகம், மூலை எங்கும் வெட்டியிருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் பிறகு குழம்பாது. எச்டிஎம்ஐ 2002-இல் வந்தது. படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் என்பதுதான் அதன் பெரிய வசதி. இரண்டு பக்கமும் இது இருந்தால் சாதாரண எச்டிஎம்ஐ வயர் ஒன்றே போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கும். தங்க முலாம் அது இது என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லை, ஓரம் வளைந்த சின்ன டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் கோப்பும் மட்டும்தான் போகும். துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற படம் அனுப்பும் முறையின் சின்னமோ, அம்பு முனையுள்ள மின்னல் சின்னமோ இருந்தால் படம் போகும். ஒரு சின்னமும் இல்லையென்றால், மாடல் எண்ணை இணையத்தில் தேடி, அந்தத் துளையின் விவரத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பையே கடைக்குக் கொண்டுபோய், டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டிக் காட்டச் சொல்லி, படம் வந்த பிறகு காசு கொடுங்கள். வண்ணார்பேட்டையோ தென்காசியோ, நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பழைய லேப்டாப்பில் நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 ஓட்டைகளும் இரண்டு பக்கம் திருகும் உள்ள துளை இருக்கும். அது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. இதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. டிவியிலும் விஜிஏ இருந்தால் விஜிஏ வயரோடு, இயர்போன் துளையிலிருந்து டிவிக்குத் தனியாக ஓர் ஆடியோ வயரும் போட வேண்டும். டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள்: "லேப்டாப்பில் விஜிஏ, டிவியில் எச்டிஎம்ஐ." எதிர்த்திசைக்குச் செய்த கன்வெர்ட்டரும் பார்க்க அச்சு அசல் இப்படியே இருக்கும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. சரியானதில் மின்சாரத்துக்கு ஒரு யுஎஸ்பி வாலும், சத்தத்துக்கு ஒரு ஆடியோ வாலும் தொங்கும்.

அரசு பள்ளிகளில் 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இந்தப் பக்கம் பல வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. வருடத்துக்கு வருடம் மாடல் மாறியதால், "அதில் இது இருக்கும்" என்று அடித்துச் சொல்ல முடியாது. எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பேட்டரி செத்திருந்தாலும் அடாப்டரில் ஓடுமானால் டிவியில் மாட்டலாம். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச கலர் டிவி வேறு கதை. அதில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி துளைகள்தான். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டி கிடைக்கிறது. படம் ஓடும், எழுத்து மட்டும் கொசகொசவென்று தெரியும். சினிமா பார்க்கலாம், பாடம் படிக்க முடியாது. அதற்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து டிவி. எச்டிஎம்ஐ துளைகள் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும், மேலே 1, 2 என்று எண் போட்டிருக்கும். ஏஆர்சி என்று எழுதியிருந்தால் அது சவுண்ட்பாருக்கு உரிய துளை. லேப்டாப்பையும் அதில் மாட்டலாம், தப்பில்லை. ஒரே ஒரு துளைதான் இருக்கிறது, அதில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது என்றால், செட்டாப் பாக்ஸை ஏவி வயருக்கு மாற்றலாம். இல்லையென்றால் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்கலாம். ஸ்விட்ச் என்றே கேளுங்கள். ஸ்ப்ளிட்டர் என்று கேட்டால், ஒரு லேப்டாப்பை இரண்டு டிவியில் காட்டும் பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் டிவியைச் சுவரில் உயரமாக ஏற்றிவிட்டவர்கள் உண்டு. நல்லதுதான், ஆனால் பின்பக்கம் விரல் நுழையாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு எச்டிஎம்ஐ வயரை நிரந்தரமாக டிவியில் மாட்டி, நுனியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். நீளம் அளக்கும்போது டிவிக்கும் மேசைக்கும் நேர்கோடு போடாமல், சுவரோடு வயர் போகிற வழியை அளக்க வேண்டும். 5 மீட்டர் வரை சாதாரண வயரே தாங்கும். பத்து, பதினைந்து மீட்டர் என்றால் அதற்கென்று உள்ள ஆக்டிவ் வயரோ ஆப்டிகல் வயரோ வேண்டும். அதில் ஒரு முனை லேப்டாப்புக்கு, மறு முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிப் போட்டால் படம் வராது.

இன்னும் ஒன்று. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து டிவியின் யுஎஸ்பிக்கு வயர் போட்டால் படம் வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வராது. இரண்டுமே மின்சாரம் கொடுக்கிற துளைகள் என்பதால் மாட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

கரண்ட் விஷயம்

இதை எந்தப் பெட்டியிலும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சார்ஜில் கிடக்கும் லேப்டாப்பின் உலோக உடம்பை விரலால் லேசாகத் தடவினால் சில வீடுகளில் விறுவிறுவென்று இருக்கும். எர்த் சரியாக இல்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசி ஹோல்டரில் சொருகி வைத்திருப்பார்கள். டிவியும் இரண்டு ஊசிதான். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் வயர் வேறு செட்டாப் பாக்ஸ் வழியாக டிவியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்படி இரண்டு பக்கமும் வேறு வேறு மின் அழுத்தத்தில் நிற்கும்போது எச்டிஎம்ஐயைச் சொருகினால், சொருகுகிற நொடியில் அந்த வித்தியாசம் வயர் வழியாகப் பாயும். துளை செத்துப்போவது இப்படியும் நடக்கும்.

ஆகவே டிவி, செட்டாப் பாக்ஸ், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். எச்டிஎம்ஐயைச் சொருகும் முன் அந்த பாக்ஸின் சுவிட்சை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. சொருகியதும் சுவிட்சைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போதும் கோடை மழையிலும், எச்டிஎம்ஐயோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுங்கள். மின்னல் டிஷ் வயரில் இறங்கினால் செட்டாப் பாக்ஸோடு நிற்காது. டிவி, அப்புறம் எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப் என்று வரிசையாகப் போய்விடும்.

மாட்டுவது

வயரின் அகன்ற பக்கம் துளையின் அகன்ற பக்கத்தோடு சேரும்படி பிடித்து, அலுங்காமல் நேராகத் தள்ளுங்கள். பாதியில் முட்டினால் திருப்பிப் பிடியுங்கள். அழுத்தித் திணித்தால் உள்நாக்கு ஒடியும். ஒடிந்தால் லேப்டாப்பின் போர்டில் கை வைக்காமல் சரிசெய்ய முடியாது.

டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்ற பட்டனை அழுத்துங்கள். வளையத்துக்குள் அம்பு நுழைவது போன்ற சின்னமாகவும் இருக்கலாம். பட்டியலில், நீங்கள் சொருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 2-இல் சொருகிவிட்டு எச்டிஎம்ஐ 1-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை நேரம் ஆனாலும் ஒன்றும் வராது.

பல லேப்டாப்புகளில் இந்நேரம் படம் வந்திருக்கும். வராவிட்டால், கீபோர்டின் கீழ்வரிசையில் நாலு கட்டம் போட்ட விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு, மேல்வரிசையில் ஓ எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் பி விசையைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும். பிசி ஸ்கிரீன் ஒன்லி என்றால் லேப்டாப்பில் மட்டும் படம் இருக்கும், டிவிக்குப் போகாது. வந்த படம் வராமல் போனதற்குப் பல நேரம் காரணம் இதுதான். டூப்ளிகேட் என்றால் இரண்டிலும் ஒரே படம். வகுப்புக்கும் குடும்பத்தோடு பேசுவதற்கும் இதுவே சுலபம்.

எக்ஸ்டெண்ட் போட்டவர்கள்தான் அதிகம் குழம்புவார்கள். டிவியில் வெறும் பின்புலப் படம் மட்டும் தெரியும், ஐகான்கள் இருக்காது. கெட்டுப்போகவில்லை. டிவி இப்போது லேப்டாப்புக்குப் பக்கத்தில் போட்ட இன்னொரு மேசை. மவுஸை லேப்டாப் திரையின் வலது ஓரத்தையும் தாண்டித் தள்ளினால் டிவிக்குள் நுழையும். ஒரு ஜன்னலை அப்படியே இழுத்துக் கொண்டுபோய் அங்கே விடலாம். டிவி உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே போய், 1, 2 என்று எழுதிய பெட்டிகளை இழுத்து இடம் மாற்றுங்கள். எக்செல் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி போட்டால் லேப்டாப் திரை அணைந்து டிவி மட்டும் எரியும். பயப்பட வேண்டாம், வயரை உருவினால் லேப்டாப் திரை திரும்ப வந்துவிடும். திரை உடைந்த லேப்டாப்புக்கு இந்தத் தேர்வுதான். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும் என்பதால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் டூ நத்திங் என்று மாற்றுங்கள். ஆனாலும் சித்திரை வெயிலில் மூடியை முழுக்க மூடி ஓட்டாதீர்கள், மெத்தை மேலும் வைக்காதீர்கள். சில மாடல்களுக்குச் சூடு கீபோர்டு வழியாகவும்தான் வெளியே போக வேண்டும்.

மேக்புக்கில் வயர் மாட்டியதும் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதியில், இரண்டிலும் ஒரே படம் காட்டவும் எக்ஸ்டெண்ட் போடவும் தேர்வுகள் இருக்கும்.

படம் சரியில்லை என்றால்

படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே உள்ள டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால், தவறு லேப்டாப்பில் இல்லை. டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது. டிவியின் பிக்சர் மெனுவில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் ஓரம் வந்துவிடும்.

எழுத்து மங்கலாக இருந்தால் பெரும்பாலும் டூப்ளிகேட்தான் காரணம். லேப்டாப் திரை 1366×768 புள்ளிகள், டிவி 1920×1080 புள்ளிகள் என்றால் (இந்தப் புள்ளிக் கணக்குதான் ரெசல்யூஷன்), இரண்டுக்கும் பொதுவான அளவுக்காக டிவிக்கும் சின்னப் படமே போகலாம். எக்ஸ்டெண்டுக்கோ செகண்ட் ஸ்கிரீன் ஒன்லிக்கோ மாற்றி, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1920×1080 என்று வையுங்கள். சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் மட்டும் கசிந்தது போல் இருந்தால், டிவியின் இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயின் பெயரையோ வகையையோ பிசி என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் இதைச் செய்ததும் எழுத்து பளிச்சென்று வரும்.

4கே டிவியில் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அந்த அளவுப் படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 வேண்டுமென்றால் லேப்டாப், வயர், டிவி மூன்றும் 2013-இல் வந்த 2.0 அளவுக்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரெசல்யூஷனை 1920×1080-க்கு இறக்கினால் 60 கிடைத்துவிடும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

சத்தம்

டிவியில் படம் ஓடும், சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். டாஸ்க்பாரின் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, அதன் பக்கத்தில் உள்ள அம்பைத் தொட்டால் ஒலி போகக்கூடிய இடங்கள் பட்டியலாக வரும். டிவி கம்பெனியின் பெயர் அதில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வராவிட்டால், திறந்திருக்கும் பிரவுசரை மூடித் திறங்கள். ஜூம் மாதிரி ஆப்களுக்கு அவற்றின் செட்டிங்ஸில் தனியாக ஸ்பீக்கர் தேர்வு உண்டு. அங்கேயும் மாற்ற வேண்டும்.

வீடியோ அழைப்புக்கு இரண்டு விஷயம். கேமராவும் மைக்கும் லேப்டாப்பில்தான் இருக்கின்றன. ஆச்சி டிவியைப் பார்த்து, "ஏய்யா, சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார், துபாயில் இருக்கிற பேரனுக்கு ஆச்சியின் காது மட்டும் தெரியும். லேப்டாப்பை டிவிக்கு நேர் கீழே ஸ்டூலில் வைத்தால் முகம் தெரியும். டிவி சத்தம் மைக்குக்குள் போய் எதிரொலித்தால், டிவியின் சத்தத்தைக் குறைத்து, லேப்டாப்பைப் பேசுகிறவர் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்.

வயர் இல்லாமல்

முடியும். டிவியில் ஸ்கிரீன் மிரரிங் அல்லது ஸ்கிரீன் ஷேர் என்பதைத் திறந்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு கே விசையைத் தட்டினால் டிவியின் பெயர் வரும். இது மிராகாஸ்ட் முறை. லேப்டாப்பும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்வதால் இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவிகளில் குரோம் பிரவுசரின் மெனுவில் உள்ள காஸ்ட் வழியாக அனுப்பலாம். அதற்கு இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நேரலையில் பார்க்க இது தாராளமாகப் போதும், படம் அரை நொடி பிந்தி வந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் டைப் அடிக்கும்போது எழுத்து பிந்தி வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தினமும் வேலை பார்ப்பதற்கு என்றால் வயரே மேல்.

கடைசியில் சில தகராறுகள்

எல்லாம் வந்து, கட்டணம் கட்டிப் பார்க்கிற சினிமா ஆப்பில் மட்டும் திரை கருப்பாக இருந்தால், அது எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. படம் போகும் வழியில் விஜிஏ இருந்தாலோ மலிவான கன்வெர்ட்டர் இருந்தாலோ இப்படி ஆகும். நேரடி எச்டிஎம்ஐ வயரில் மாட்டிப் பாருங்கள்.

செட்டாப் பாக்ஸை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் மாட்டி, லேப்டாப் திரையில் டிவி பார்க்கலாமா என்றும் கேட்பார்கள். முடியாது. லேப்டாப்பில் இருப்பது படம் வெளியே போகிற வழி மட்டும்.

எதைச் செய்தாலும் "நோ சிக்னல்" என்றே வந்தால், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முதலில் டிவியின் வேறு துளை. அப்புறம், செட்டாப் பாக்ஸுக்குப் போட்டிருக்கும் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றி லேப்டாப்புக்குப் போடுங்கள். அதில் படம் வந்தால் உங்கள் புது வயர்தான் கெட்டது, பில்லோடு போய் மாற்றிக்கொள்ளலாம். அதிலும் வராவிட்டால் லேப்டாப்பைப் பக்கத்து வீட்டு டிவியில் மாட்டுங்கள். அங்கேயும் வரவில்லையென்றால், லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரை இறக்கிப் போட்டு, அணைத்துத் திறந்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் துளையில் பழுது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், போர்டையே மாற்ற வேண்டுமா, துளையை மட்டும் மாற்ற முடியுமா என்று இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேட்டுக்கொள்ளுங்கள்.